வலப்பக்கத்து வார்

பிள்ளையார்பாளையம்,
18-6-1963

அண்ணனுக்கு,

இங்கே தறி ஓடுகிறது, அதனால் நலம். அங்கே அண்ணியும் குழந்தைகளும் எப்படி இருக்கிறார்கள் என்று நீ எழுதினால்தான் தெரியும். நீ எழுதுவதில்லை. கருட சேவைக்கு வருகிறேன் என்றாய். வேலாயுதம் பஸ் ஸ்டாண்டு வரை போய் நின்றுவிட்டுத் தனியாக வந்தான். சரி, அதை விடு.

எனக்கு உன்னால் ஒரு காரியம் ஆக வேண்டும். நம் தம்பி வேலாயுதத்துக்குப் பட்டாளத்தில் சேர வேண்டுமாம். சீனாக்காரன் சண்டைக்கு அப்புறம் ஆள் எடுத்துக்கொண்டே இருக்கிறார்கள். செப்டம்பரில் வேலூரில் எடுக்கிறார்களாம். பட்டாளத்திலிருந்து லீவில் வந்திருந்த வாலாஜாபாத் அந்தோணி இவன் காலைப் பார்த்துச் சிரித்திருக்கிறான். "தறிப் பள்ளத்துல தொங்கவுட்டுக்கினு வளந்த காலுபா இது. அங்க முதுகுல மூட்டையோட மைல் கணக்குல நடக்கவுடுவான். இப்பவே பாரம் வெச்சி நடந்து பழகு" என்றானாம்.

அன்றிலிருந்து விடியற்காலையில் இவன் வேகவதி ஆற்று மணலைக் கோணிப்பையில் அடைத்து, கயிற்றால் முதுகில் கட்டிக்கொண்டு நடக்கிறான். கோணி ஒரு பக்கம் சரிகிறது, மணல் ஒழுகுகிறது. தெருநாய்கள் எல்லாம் பின்னாலேயே போகின்றன. சின்னப் பிள்ளைகள் அவனுக்கு மணல் வண்டி என்று பேர் வைத்துவிட்டார்கள்.

இரண்டு தோளிலும் மாட்டுகிற பை ஒன்று வேண்டும். இங்கே கிடைப்பதெல்லாம் ஜோல்னாப் பை. மூர் மார்க்கெட் பக்கம் பழைய பட்டாளத்துப் பைகள் வருமாமே. நம் கைக்கு எட்டுகிற விலையில் பார். மலிவாக இருக்கட்டும், ஆனால் மணல் பாரம் தாங்கட்டும்.

அவன் போய்விட்டால் தறி என்ன ஆகும் என்று கேட்காதே. கரை ஒரு நிறம், உடல் ஒரு நிறம் என்று கோர்வைப் புடவை நெய்ய இரண்டு பேர் வேண்டும். அந்தப் பக்கம் அவன் நூல் சுற்றிய நாடாவை வீசினால் இந்தப் பக்கம் நான் வீச வேண்டும். ஒருத்தியாக என்னால் முடியாது. இதை நான் அவனிடம் கேட்கவில்லை. நீயும் கேட்காதே. அவனுக்கு ரொம்ப ஆசை.

காந்தா


சென்னை,
3-7-1963

என் தங்கை காந்தாவுக்கு,

கருட சேவைக்கு வராத பாவத்துக்குத் தண்டனையாகப் பை தேடும் வேலையைக் கொடுத்துவிட்டாய். முடித்துவிட்டேன், மன்னித்துவிடு.

ஞாயிற்றுக்கிழமை ஜெயம்மாளையும் குழந்தைகளையும் கடற்கரைக்கு அழைத்துப் போகிற வழியில் மார்க்கெட்டில் நுழைந்தேன். அடேயப்பா, எத்தனை விதம்! வெள்ளைக்காரன் போட்டுவிட்டுப் போன பட்டாளத்துப் பை ஒன்று இருந்தது. காக்கிக் கித்தான், இரண்டு பக்கமும் அகல அகலமான வார்கள், பித்தளைக் கொக்கிகள். ஆனால் பூசணம் நாற்றம், விலையும் ஆகாயத்தில். போஸ்ட்மேன் பை இருந்தது, அது ஒரு தோளுக்குத்தான். கூடாரத் துணியில் தைத்த ஒன்று இருந்தது, அதற்குள் நம் வேலாயுதத்தையே போட்டு மூடிவிடலாம்.

கடைசியில் பச்சைக் கித்தானில் ஒரு பை. பார்க்க லட்சணமாக, புதுசு மாதிரியே இருக்கிறது. பட்டாளத்துப் பைக்குப் பாதி விலைதான். வார் கொஞ்சம் ஒல்லி, ஆனால் தையல் நெருக்கமாக இருந்தது. எடுத்துவிட்டேன். துணி பார்த்து எடுக்கிறதில் உன் அண்ணனை யாராலும் ஏமாற்ற முடியாது, ஜவுளிக்கடையில் வேறு என்ன பிழைப்பு?

புடவை மூட்டை கொண்டுவரும் சீனிவாசனிடம் கொடுத்தனுப்பியிருக்கிறேன். ஜவான் வேலாயுதத்துக்கு என் சல்யூட்டைச் சொல்.

கலியன்


பிள்ளையார்பாளையம்,
29-7-1963

அண்ணனுக்கு,

பை வந்தது. வேலாயுதம் அதை மாட்டிக்கொண்டு கண்ணாடி முன் நின்றதைப் பார்த்திருந்தால் நீ சிரித்திருப்பாய். கல்யாண மாப்பிள்ளைகூட அவ்வளவு நேரம் நிற்கமாட்டான்.

ஆனால் உன் நெருக்கத் தையலின் லட்சணம் பத்து நாளில் தெரிந்துவிட்டது. வலப்பக்கத்து வார் அடியோடு பிய்ந்து வந்துவிட்டது. பாவம், பையை மார்போடு கட்டிப் பிடித்துக்கொண்டு பெரிய காஞ்சிபுரம் முழுக்க நடந்து வந்தான். வேறு கித்தான் தைத்துக் கொடுக்கலாம் என்று பார்த்தேன், அதுவும் பிய்யும். அப்புறம்தான் புத்தி வந்தது. வீட்டில் இல்லாத கயிறா? கழிவுப் பட்டு ஒரு கூடை கிடக்கிறது. இழை சேர்த்து முறுக்கி, மறுபடி இரண்டாக மடித்து முறுக்கி, என் சுண்டுவிரல் கனத்துக்கு ஒரு வார் போட்டுவிட்டேன். வேலாயுதமும் நானும் ஆளுக்கொரு முனையைப் பிடித்து இழுத்துப் பார்த்தோம். இரண்டு பேரும் கீழே விழுந்தோம், வார் அறுபடவில்லை. இனிமேல் பை கிழியலாம், அந்த வார் அறுபடாது.

முதலில் திருப்பருத்திக்குன்றம் வரை போய்க்கொண்டிருந்தான். இப்போது வாலாஜாபாத் சாலையில் பாதி தூரம் போய்வருகிறான். கால் நன்றாகத் திரண்டுவிட்டது. தோள் கொஞ்சம் சிவக்கிறது, பழகிவிடும்.

காந்தா


சென்னை,
8-8-1963

என் தங்கை காந்தாவுக்கு,

பட்டிலே வார் போட்டுக்கொண்டு மணல் சுமக்கிறவன் இந்த உலகத்திலேயே நம் தம்பி ஒருத்தன்தான். ராஜாக்களுக்குக்கூட அந்தக் கொடுப்பினை கிடையாது. கடையில் எல்லோரிடமும் சொல்லிச் சிரித்தேன். நெசவுக்காரன் வீட்டுப் பெண் என்று காட்டிவிட்டாய். பட்டுக்கு மேல் கெட்டி உண்டா? எனக்கு இது முன்னாலேயே தோன்றியிருந்தால் வாரே இல்லாத பையாகப் பார்த்து இன்னும் மலிவாக வாங்கியிருப்பேன்.

இன்னும் கொஞ்சம் பாரம் கூட்டச் சொல். வேலூருக்குப் போகிற அன்று பஸ் ஸ்டாண்டுக்கு நானே வந்து வழியனுப்புகிறேன். இந்தத் தடவை நிச்சயம்.

கலியன்


பிள்ளையார்பாளையம்,
21-9-1963

அண்ணன் அவர்களுக்கு,

வேலாயுதம் வேலூருக்குப் போய்விட்டு வந்துவிட்டான். நீங்கள் வழியனுப்ப வரவில்லை. வந்திருந்தாலும் ஒன்றும் ஆகியிருக்காது.

ஓட்டத்தில் முதல் வரிசையில் வந்தானாம். மார்பு அளவு, உயரம் எல்லாம் சரியாம். அப்புறம் டாக்டர் இரண்டு கையையும் மேலே தூக்கச் சொல்லியிருக்கிறார். இடது கை மேலே போயிருக்கிறது. வலது கை தோள் உயரத்துக்கு மேல் எழும்பவில்லை. மறுபடி தூக்கச் சொன்னார்களாம். இவன் பல்லைக் கடித்துத் தூக்கினானாம். அப்புறம் சட்டையை எடுத்துக்கொண்டு வெளியே போகச் சொல்லிவிட்டார்கள்.

வீட்டுக்கு வந்து தறிப் பள்ளத்தில் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்தான். "எனக்குப் பொறக்கும்போதே கோளாறு இருந்திருக்குதுக்கா. ஒடம்புல ஒரு பக்கம் செத்துப்போயி பொறந்திருக்கேன். தறிக்கு மட்டுந்தான் லாயக்கு" என்றான். மறுநாள் பார்த்தால் அதற்கும் இல்லை. நாடா வீசக் கை வரவில்லை. சோறு பிசைகிற கை நடுங்குகிறது. வைத்தியர் தைலம் கொடுத்திருக்கிறார், தேய்க்கிறேன். தறி நின்று கிடக்கிறது.

நீங்கள் வாங்கி அனுப்பிய பையால் வந்தது என்று நான் சொல்லவில்லை. ஆனால் அந்த வார் முதலிலேயே கெட்டியாக இருந்திருந்தால் எதுவும் நடந்திருக்காது. ஒரு தம்பிக்கு ஒரு பை. பார்த்து வாங்க அரைமணி நேரம்கூட உங்களுக்குக் கிடைக்கவில்லை.

காந்தா


சென்னை,
6-10-1963

அன்புள்ள காந்தா,

நீ என்னை 'நீங்கள்' என்று எழுதியது இதுதான் முதல் தடவை. அடித்திருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது. எனக்கு வேண்டியதுதான்.

அன்றைக்கு மார்க்கெட்டில் நடந்ததை உனக்கு முழுதாக எழுதவில்லை. அந்தப் பச்சைப் பையை நான் எடுத்தபோது கடைக்காரன் சொன்னான்: "இது ஸ்கூல் பசங்க புஸ்தகம் வெச்சிக்கினு போறதுக்கு சார். பாரம் தூக்கறதுன்னா அந்தக் காக்கிப் பைய எடு, வார் எவ்ளோ அகலம் பாரு." குழந்தைகள் கடற்கரைக்குப் போக வேண்டும் என்று கையை இழுத்துக்கொண்டிருந்தார்கள். நான் அவன் விலை ஏற்றப் பார்க்கிறான் என்று நினைத்துக்கொண்டேன். பையை ஒரு தடவை என் முதுகில் மாட்டிப் பார்க்கவில்லை. உன் கடிதத்தைப் படித்துவிட்டு ஜெயம்மாள் கேட்டாள்: "ஒரு செருப்பு வாங்கினாக்கூட கால்ல போட்டுப் பாக்கற ஆளு, தம்பிக்குன்னா கண்ணால பாத்தா போதுமா?" இரண்டு நாளாகச் சோறு இறங்கவில்லை.

இப்போது முக்கியமான விஷயம், நிதானமாகப் படி. நேற்று கடைக்கு ஒரு டாக்டர் மனைவியோடு புடவை எடுக்க வந்தார். பெரிய ஆஸ்பத்திரியில் எலும்பு, நரம்பு பார்க்கிறவர். அந்த அம்மா நிறம் தேடிக்கொண்டிருந்தபோது வெட்கத்தை விட்டு வேலாயுதத்தின் கையைப் பற்றிக் கேட்டேன். அவர் முதலில் கேட்டதே, "தோளில் எதையாவது சுமந்தானா?" என்றுதான். பை என்றேன். வார் எவ்வளவு அகலம் என்றார். சுண்டுவிரலைக் காட்டினேன். அவர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

கழுத்திலிருந்து கைக்குப் போகிற நரம்பு தோள் வழியாகத்தான் போகிறதாம். அகலமான வார் பாரத்தைப் பரப்பிவிடும். மெல்லிசான வார் நரம்பின் மேல் கத்தி மாதிரி உட்காரும். அது எவ்வளவு கெட்டியோ அவ்வளவுக்கு ஆபத்து, அறுந்தாவது போயிருக்கும் என்றார். கித்தான் வார் இருந்த இடது பக்கம் ஒன்றும் ஆகவில்லை பார்த்தாயா? நீயும் நானும் பட்டு அறுபடாது என்பதை மட்டும்தான் பார்த்தோம். பிறந்ததிலிருந்து நாம் நூலுக்கு அந்த ஒரு பரீட்சைதான் வைத்திருக்கிறோம்.

நல்ல சேதி இது: பாரம் தூக்காமல் இருந்தால் சில மாதத்தில் கை தானாகவே திரும்பிவிடும். பெரும்பாலும் முழுசாகத் திரும்பும் என்றார். அப்புறம் அவன் தாராளமாக மறுபடி போய் நிற்கலாம். அவன் உடம்பில் ஒரு கோளாறும் இல்லை. இதை உடனே அவனிடம் சொல். உன் பேருக்கு வரும் கடிதத்தை அவன் தொடமாட்டான் என்பதால் உனக்கு எழுதுகிறேன். நீ சொன்னால் பதமாகச் சொல்வாய்.

கலியன்


சென்னை,
24-11-1963

காந்தா,

ஒன்றரை மாதமாகப் பதில் இல்லை. தபால் தவறியிருக்கும் என்று நினைத்தேன். இன்று சீனிவாசன் வந்தான். தறி மறுபடி ஓடுகிறதாம். வேலாயுதத்தின் கை நன்றாக வீசுகிறதாம். சந்தோஷத்தில் அவனுக்கு காபி வாங்கிக் கொடுத்தேன்.

பாதிக் காபியில் அவன் சொன்னான்: "வேலாயுதம் பட்டாளத்த மறந்துட்டான்பா. யாரு கேட்டாலும், நான் தறிக்குன்னு பொறந்த ஒடம்பு, என்ன அங்க சேத்துக்க மாட்டான்னு சொல்லிக்கினு இருக்கான்." அப்புறம் எனக்குக் காபி வேண்டியிருக்கவில்லை.

கடிதம் வந்ததா இல்லையா? வந்தது என்றால், அவனிடம் சொன்னாயா இல்லையா? தை முடிந்து மறுபடி வேலூரில் ஆள் எடுக்கிறார்கள் என்று பேப்பரில் போட்டிருக்கிறது. வயது ஏறிக்கொண்டே போகிறது. அதைத் தாண்டினால் அப்புறம் அவனை எங்கேயும் நிற்க வைக்கமாட்டார்கள்.

எனக்கு ஒரு வரி எழுது. திட்டியாவது எழுது.

கலியன்


பிள்ளையார்பாளையம்,
9-12-1963

அண்ணன் அவர்களுக்கு,

கடிதம் வந்தது. படித்தேன். அரிசிப் பானைக்குள் வைத்தேன். சொல்லவில்லை.

என்னைக் கேள்வி கேட்க நீங்கள் யார்? அப்பா காரியம் முடிந்த மாதமே பஸ் ஏறினீர்கள். தறியில் உங்கள் இடம் காலி. பள்ளிக்கூடத்தில் இருந்த வேலாயுதத்தைக் கூட்டிவந்து அந்தப் பள்ளத்தில் உட்கார வைத்தது நான். அன்றைக்கு அவன் கால் தரையைத் தொடவில்லை, அடியில் பலகை போட்டேன். எனக்கு வந்த வரன்களை எல்லாம், தம்பி கொஞ்சம் வளரட்டும் என்று திருப்பி அனுப்பினேன். இப்போது அவனும் பஸ் ஏறினால் இந்தத் தறியில் நான் யாருக்கு எதிரில் உட்காருவது? சுவருக்கு எதிரிலா?

இவ்வளவு நேரம் கோபமாக எழுதிவிட்டேன். கிழித்துவிட்டு வேறு எழுதலாம் என்று பார்த்தேன். வேண்டாம், அதுவும் இருக்கட்டும். அண்ணா, இனிமேல் எழுதப்போவதை யாரிடமும் சொல்லாதே. அண்ணியிடமும் சொல்லாதே.

தோள் கொஞ்சம் சிவக்கிறது என்று உனக்கு எழுதினேன் அல்லவா, அது கொஞ்சம் இல்லை. கிணற்றடியில் அவன் குளிக்கும்போது பார்த்தேன். சூடு போட்ட மாட்டின் தோல் மாதிரி வலது தோளில் ஒரு பள்ளம் விழுந்திருந்தது. ஆகஸ்டு கடைசியில் அவன் கையிலிருந்து நாடா நழுவ ஆரம்பித்தது. "விரலு மரத்துப்போவுதுக்கா" என்றான். "தூங்காம நடந்தா அப்படித்தான் இருக்கும்" என்றேன்.

ஒருநாள் காலை பழைய துண்டு ஒன்றை எடுத்து நாலாக மடித்தேன். வாருக்கு அடியில் வைத்துத் தைத்துக் கொடுக்கலாம் என்று ஊசியும் கோத்துவிட்டேன். அவன் வெளியே, வேலூர் வேலூர் என்று யாரிடமோ பேசிக்கொண்டிருந்தான். நான் அந்தத் துண்டைப் பிரித்து மறுபடி கொடியில் போட்டுவிட்டேன். நரம்பு என்று எனக்குத் தெரியாது, சத்தியமாகத் தெரியாது. கை இப்படி ஆகும் என்று நினைக்கவில்லை. வலி தாங்காமல் நடப்பதை நிறுத்திவிடுவான், அவ்வளவுதான் நடக்கும் என்று நினைத்தேன். ஆனால் வலிக்கட்டும் என்று நினைத்தேன் அண்ணா. நான் வளர்த்த பிள்ளைக்கு வலிக்கட்டும் என்று நினைத்தேன்.

இப்போது அவன் எதிரில் உட்கார்ந்து ஒழுங்காக நாடா வீசுகிறான். புடவை சீக்கிரம் முடிகிறது. நான் விரும்பியது எல்லாம் கிடைத்துவிட்டது. அவன் முகத்தைப் பார்க்க முடியவில்லை, கரையையே பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

காந்தா


சென்னை,
22-12-1963

அன்புள்ள காந்தா,

படித்துவிட்டுக் கிழித்துவிட்டேன். யாரிடமும் சொல்லமாட்டேன்.

உன்னைத் திட்ட எனக்கு வாய் இல்லை. நான் ஏன் வேலாயுதத்துக்கு நேராக ஒரு கார்டு போடவில்லை என்று நீ கேட்கவில்லையே? நானே கேட்டுக்கொண்டேன். ஒரு கார்டில் முடிகிற காரியம்தானே. போடாததற்குக் காரணம் இதுதான்: அவன் பட்டாளத்துக்குப் போனால் நீ தனி. தனியாக இருக்கிற தங்கையை அண்ணன்தான் கூட்டிவந்து வைத்துக்கொள்ள வேண்டும். இங்கே ஒரே அறை, அதில் நாங்கள் ஐந்து பேர். ஜெயம்மாள் ஒரு வார்த்தை சொல்லவில்லை. நானே மனசுக்குள் அறையை அளந்து பார்த்தேன். அதனால் சொல்லுகிற வேலையை உன் தலையில் போட்டுவிட்டு, நீ சொல்லவில்லை என்று உன்னையே குற்றம் சொல்லிக்கொண்டிருந்தேன். நாம் இரண்டு பேரும் சேர்ந்து ஒரு பையனின் கையை அவனிடமிருந்து ஒளித்துவைத்திருக்கிறோம்.

மூர் மார்க்கெட்டுக்கு மறுபடி போனேன். அந்தக் காக்கிப் பை விற்றுப்போய்விட்டது. இந்தத் தடவை தனியாகப் போனேன், கடைகடையாக ஏறி இறங்கினேன். இன்னொரு பட்டாளத்துப் பை கிடைத்தது, ஓரத்தில் ஒட்டுப் போட்டது, அதனால் நம் விலைக்குப் படிந்தது. வார் நாலு விரல் அகலம், அடியில் கம்பளி வைத்துத் தைத்திருக்கிறது. கடைக்காரனிடமே செங்கல் கேட்டு வாங்கி உள்ளே போட்டு, மாட்டிக்கொண்டு வீடு வரை நடந்தேன். தெருவே வேடிக்கை பார்த்தது. என் சின்ன மகள் பின்னால் ஓடிவந்து, "அப்பா, நீ பட்டாளத்துக்குப் போறியா?" என்று கேட்டாள். இடுப்பு வலிக்கிறது. தோள் வலிக்கவில்லை. விரல் எல்லாம் மடக்கிப் பார்த்தேன், நன்றாக இருக்கிறது.

சீனிவாசனிடம் கொடுத்தனுப்புகிறேன். பையை அவனிடம் கொடுப்பதும் பரணில் போடுவதும் உன் கையில். நான் வந்து சொல்லட்டும் என்றால் வருகிறேன். ஆனால் நீ சொல்வதுதான் சரி என்று எனக்குத் தோன்றுகிறது.

கலியன்


பிள்ளையார்பாளையம்,
20-1-1964

அண்ணனுக்கு,

சொல்லிவிட்டேன்.

புதுப் பை வந்து மூன்று வாரம் பரணில்தான் இருந்தது. தினமும் சொல்ல வாயெடுப்பேன், நாடா வரும், வீசுவேன், பேச்சு போய்விடும். பொங்கல் கழிந்த மறுநாள் விடியற்காலையில், அவன் தூங்கிக்கொண்டிருந்தபோது, பழைய பச்சைப் பையை எடுத்தேன். அதில் மணல் அப்படியே இருந்தது. பட்டு வாரை வலது தோளில் மாட்டிக்கொண்டு தெருவில் இறங்கினேன். அவன் என்ன சுமந்தான் என்று எனக்குத் தெரிய வேண்டும் போலிருந்தது. தெரியாமல் எந்த வாயால் சொல்வது?

குழாயடியில் பூவம்மாள் பார்த்துவிட்டு, "இன்னா காந்தா, வேண்டுதலா?" என்றாள். ஆமாம் என்றேன். எந்த சாமிக்கு என்று கேட்டாள். நான் நடையைக் கட்டினேன்.

வேகவதி மணலைத் தாண்டுவதற்குள்ளேயே வார் வேலையைக் காட்டிவிட்டது. திருப்பருத்திக்குன்றம் கோயில் மதிலருகே நின்றபோது கட்டைவிரலும் பக்கத்து விரலும் என்னுடையவை மாதிரியே இல்லை. ஒரு வீட்டில் தண்ணீர் கேட்டேன். அந்த அம்மா கொடுத்த சொம்பை வலது கையால் வாங்க முடியவில்லை. இடது கையால் வாங்கினேன், மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன். இவன் இதை மாட்டிக்கொண்டு வாலாஜாபாத் சாலையில் தினமும் போயிருக்கிறான் அண்ணா. போய்விட்டு வந்து, என் எதிரில் உட்கார்ந்து, ஒன்றும் சொல்லாமல் நாடாவும் வீசியிருக்கிறான்.

வீட்டுக்குள் நுழைந்தபோது அவன் விழித்திருந்தான். "எங்கக்கா போய்க்கினு வர? எதுக்கு இத்த மாட்டிக்கினு போன?" என்றான். டம்ளரை எடுத்தேன், விழுந்தது. மறுபடி எடுத்தேன், மறுபடி விழுந்தது. அவன் என் கையைப் பார்த்தான். நான் தோளில் முந்தானையை விலக்கி அந்தத் தடத்தைக் காட்டினேன். அப்புறம் எல்லாவற்றையும் சொன்னேன். டாக்டர் சொன்னது, அரிசிப் பானைக் கடிதம், நாலாக மடித்த துண்டு, எதையும் விடவில்லை.

கத்துவான் என்று நினைத்தேன். அடித்தாலும் வாங்கிக்கொள்ளத் தயாராக நின்றேன். அவன் தன் வலது கையை விரித்து, மூடி, மறுபடி விரித்தான். அப்புறம் கேட்டான்:

"அப்ப என் கை நல்ல கைதானாக்கா?"

அவ்வளவுதான் கேட்டான். வேறு ஒன்றும் கேட்கவில்லை. எனக்கு அழுகை வெடித்துக்கொண்டு வந்தது, நல்ல கைதான்பா என்று சொல்லக்கூட முடியவில்லை, தலையை மட்டும் ஆட்டினேன்.

பரணிலிருந்து புதுப் பையை இறக்கிக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டான். அன்றைக்குப் புடவை ஒப்படைக்க வேண்டிய நாள், அதனால் இரண்டு பேரும் உட்கார்ந்து நெய்தோம். நாடாவை வீசினான், நான் வாங்கி வீசினேன்.

காந்தா


சென்னை,
27-1-1964

என் தங்கை காந்தாவுக்கு,

உன் கடிதத்தைக் கடையில் வைத்துப் பிரித்தது தப்பு. புடவை விரித்துக் காட்டிக்கொண்டிருந்தவன் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்ததைப் பார்த்து, வந்தவர்கள் விலையே கேட்காமல் போய்விட்டார்கள்.

தறியில் எதிர்ப்பக்கம் காலியாக இருக்கக் கூடாது. ஜெயம்மாளிடம் பேசிவிட்டேன். அவன் போன பிறகு சனிக்கிழமை கடை அடைத்ததும் பஸ் ஏறி வருகிறேன், ஞாயிறு முழுக்க உட்காருகிறேன். வாரத்தில் ஒருநாள் கோர்வை, மற்ற நாள் நீ தனியாக நெய்யக்கூடிய ஒரே நிறப் புடவை. போதாதுதான், எனக்குத் தெரியும். பத்து வருஷம் பிந்தி வருகிறேன் என்பதும் தெரியும். என் தொப்பை அந்தப் பள்ளத்தில் இறங்குமா என்பதுதான் ஜெயம்மாளின் கவலை.

வாக்குக் கொடுத்து வராமல் போகிறவன் நான் என்று நீ நினைப்பாய். அதனால் வாக்கு எதுவும் கொடுக்கவில்லை. வந்த பிறகு பார்.

கலியன்


பிள்ளையார்பாளையம்,
17-4-1964

அண்ணனுக்கு,

வேலாயுதம் நேற்றுக் காலை கிளம்பிவிட்டான். எடுத்துக்கொண்டார்கள் என்று அவன் உனக்கே கார்டு போட்டிருப்பான். டாக்டர் கையைத் தூக்கச் சொன்னபோது இரண்டையும் கூரையைத் தொடுகிற மாதிரி தூக்கினானாம். அதை மட்டும் என்னிடம் நின்று, தூக்கியே காட்டினான்.

இந்த மூன்று மாதமும் அவன் என்னோடு சண்டை போடவில்லை. பேசாமலும் இல்லை. சாப்பாடு போடு, நூல் எடு, விளக்கை ஏற்று, எல்லாம் பேசினோம். ஆனால் முன்பெல்லாம் நெய்யும்போது எதையாவது சொல்லிச் சிரித்துக்கொண்டே இருப்பான், அது இல்லை. அது எனக்கு வேண்டியதுதான் என்று இருந்துவிட்டேன்.

கிளம்பும் முன்னால் தகரப் பெட்டியைக் கட்டக் கயிறு தேடினான். அதன் பூட்டு கெட்டுப்போய் மூடி நிற்காது. நான் கொடிக்கயிற்றை அவிழ்த்துத் தருகிறேன் என்றேன். அவன் மூலையில் கிடந்த பச்சைப் பையை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தான். வலப்பக்கத்திலிருந்து அந்தப் பட்டு வாரை முடிச்சு முடிச்சாக அவிழ்த்தான். எறியப்போகிறான், என் எதிரிலேயே அடுப்பில் போடப்போகிறான் என்று நினைத்தேன்.

அதைப் பெட்டியில் இரண்டு சுற்றுச் சுற்றி, முழங்காலை மூடி மேல் ஊன்றி, வலது கையால் இழுத்து இறுக்கினான். மூடி ஒட்டிக்கொண்டது. தட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னான்:

"பொட்டி கட்டறதுக்கு இதவிட கெட்டி வேற எதுவும் இல்லக்கா. எங்க தூக்கிப் போட்டாலும் பிரியாது."

பஸ்ஸில் பெட்டியை மேலே ஏற்றினார்கள். அந்தச் சிவப்பும் மஞ்சளும் கலந்த கயிறு திருப்பம் வரைக்கும் தெரிந்தது. நான் கூட்டத்தில் நின்று சத்தமாக அழுதேன். பக்கத்தில் இருந்தவர்கள் தம்பி போகிறான் என்று அழுகிறேன் என நினைத்துக்கொண்டு தேற்றினார்கள்.

இன்று தறியில் உட்கார்ந்தேன். எதிர்ப்பக்கத்தில் அவன் தேய்த்து வைத்த நாடா இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை நீ வந்தால் எடுத்துக் கொடுக்கிறேன்.

காந்தா